நிபுணர் வீட்டு லைன்

திரையில் நிபுணரின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நேரில் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"கேக்குதாம்மா? நான் தெரியறேனா?"

"தெரியறீங்க சார்," என்றார் தொலைத்தொடர்பு வாரியத்தின் உதவியாளர். "ஆனா வாய் திறந்தே இருக்கு. கொஞ்சம் மூடிக்குங்க."

"மூடித்தானே வெச்சிருக்கேன்!"

"இங்க திறந்துதான் இருக்கு சார். உள்நாக்கு வரைக்கும் தெரியுது."

நிபுணர் மடிக்கணினியை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். உதவியாளரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான், ஆள் காணாமல் போனார்.

மணி எட்டே கால். பதினோரு மணிக்கு அவர் இதே திரையில் வாரியத்தின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

விஷயம் சின்னது இல்லை. இண்டர்நெட்டில் போகிற எல்லாவற்றையும் லைன் கொடுக்கும் கம்பெனிகள் ஒரே மாதிரி நடத்த வேண்டும், ஒன்றை முன்னால் விட்டு இன்னொன்றைப் பின்னால் தள்ளக் கூடாது என்று சட்டம் போடலாமா, வேண்டாமா? இதைச் சொல்லத்தான் அவரை நியமித்திருந்தார்கள். தொலைபேசித் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை சுத்தம். கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்கு அனுப்பிய காலண்டரைக்கூடத் திருப்பி அனுப்பியவர். ஓய்வுக்குப் பிறகு யாரும் தன்னை எதற்கும் கூப்பிடவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவரை வாரியம் 'நிபுணர்' என்று எழுதிக் கூப்பிட்டது. அன்றிலிருந்து வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "நிபுணர் குளிச்சாச்சா?" என்றுதான் மனைவியே கேட்பாள்.

எண்பத்து நாலு பக்க அறிக்கையை முந்தின நாள் கொடுத்தாயிற்று. சுருக்கம் இதுதான்: சட்டம் தேவையில்லை. கம்பெனிகளும் மக்களும் பேசி அனுசரித்துக்கொள்வார்கள்.

இன்றைக்கு அதை வாயால் சொல்ல வேண்டும். வாய்தான் மூட மாட்டேன் என்கிறது.

கூடத்துக்குப் போனார். செருப்பு அலமாரியின் மேல் வைஃபை பெட்டி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. எந்த யந்திரமானாலும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது முப்பத்தொரு வருட அனுபவம். அணைத்தார்.

"என்னங்க!" என்று படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள். அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு வகுப்பு எடுப்பவள். கையில் அளவுகோல் இருந்தது. "இருபத்துநாலு பிள்ளைங்களும் போயிட்டாங்க! முக்கோணம் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"ஒரு நிமிஷம், இதோ வந்துரும்."

"இப்ப இருபத்துநாலு நோட்டுலயும் முக்கோணத்துக்கு ரெண்டு பக்கம்தான் இருக்கு. மூணாவது பக்கம் யாரு போடுவா, நீங்களா?"

மாடிப்படியில் மகள் தடதடவென்று இறங்கி வந்தாள். கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை. ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி முழுவதும் அவள் கணினிக்குள் இருந்தது.

"அப்பா, நீங்களா அணைச்சீங்க? வரைபடம் தொண்ணூத்தொரு சதவீதம் போயிருந்துச்சு!"

"மிச்சம் ஒம்பதுதானே?"

"இல்லப்பா. மறுபடி பூஜ்யத்துல இருந்து. பன்னிரண்டு மணிக்குள்ள போகலைன்னா எங்க மேனேஜர் என்னையும் சேர்த்து அனுப்பிருவாரு."

அடுக்களையிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. சமைத்த நேரம் போக, கடல் தாண்டி இருக்கும் ஒரு பல் டாக்டருடன் போனில் சதுரங்கம் ஆடுவார். அந்த டாக்டரை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஜென்ம விரோதி.

"மாப்பிள்ளை, என் ராணியை நகர்த்தப் போனேன். கட்டமே காணோம். என்ன பண்ணினீங்க?"

"யாரும் பதறாதீங்க," என்று பதறினார் நிபுணர். "எல்லாம் சரியாகும்."

பெட்டி மறுபடி உயிர் பெற்றது. எதுவும் சரியாகவில்லை. நால்வரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்ததில் நால்வருக்கும் வட்டம் சுற்றியது.

"மூணு மாசமா இப்படிச் சண்டையே இல்லையே இந்த வீட்ல," என்றாள் மனைவி. "எல்லாரும் ஒரே நேரத்துல வேலை பார்த்தோம், ஒண்ணும் தெரியலை. இன்னிக்கு என்ன வந்துச்சு?"

"லைன்ல பழுது. கம்பெனிக்குச் சொல்லிடறேன்."

சொன்னார். மதியம் இரண்டரைக்கு ஆள் வரும் என்றார்கள். பதினோரு மணிக்கு அது ஆகாது. நிபுணர் மேஜைக்கு வந்தார், எழுந்தார், ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டார், திரும்ப வந்து உட்கார்ந்தார். அறிக்கையை அங்கே தலைகீழாகப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். ஒரு கேள்விக்குக்கூடத் திணறக் கூடாது. திறந்த வாயுடன் திரையில் உறைந்து நிற்பதோ கூடவே கூடாது.

மடிக்கணினியில் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது ஓர் இடம் கண்ணில் பட்டது. 'முன்னுரிமை' என்று போட்டிருந்தது. எந்தக் கருவிக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று பெட்டியிடமே சொல்லி வைக்கலாம்.

நிபுணர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தன் மடிக்கணினியை முதலில் போட்டார். நாட்டு நலன், என்று சொல்லிக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது.

"என்னங்க, பிள்ளைங்க சிரிக்கறாங்க. நான் மூக்கைச் சொறியற மாதிரியே நாலு நிமிஷமா நிக்கறேனாம்!"

"அப்பா, ஒரு மணி நேரத்துல ரெண்டு சதவீதம்தான் போகும்ங்குது!"

மாமனார் நேரே வந்து போனை முகத்துக்கு நேராக நீட்டினார். "பாருங்க. என் கடிகாரம் ஓடுது, காய் நகர மாட்டேங்குது. நேரம் முடிஞ்சு தோத்துட்டேன். அந்தப் பல்லுப் புடுங்கிகிட்ட! பன்னிரண்டு நாளா ஜெயிச்சுக்கிட்டு வந்த ஆட்டம்."

மகள் பெட்டியின் அமைப்புகளைத் தன் போனில் திறந்தாள். பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"உங்க கணினி மட்டும் முதல் வரிசையில இருக்குப்பா."

"அப்படியா?"

"அப்படித்தான். நீங்க வெச்சது."

"சரி, கோவிச்சுக்காத. அம்மாவை ரெண்டாவதா போடறேன். உன்னை மூணாவதா. மாமாவை…"

"நான் ஏன் நாலாவது?" என்றார் மாமனார். "கம்பி எனக்கும் சேர்த்துத்தானே வருது?"

"மாமா, நீங்க விளையாடறீங்க. நாங்க வேலை பார்க்கறோம்."

மாமனார் அடுக்களைக்குப் போய்விட்டார். அதுதான் வில்லங்கம் என்று நிபுணருக்கு ஒன்பதரை மணிக்குப் புரிந்தது. மகளுக்கு ரொட்டியும் முட்டையும் மாடிக்கே போயின. மனைவிக்கு வகுப்பு நடுவிலேயே தட்டு நீண்டது. நிபுணருக்கு ஒன்றும் வரவில்லை.

"மாமா, என் தட்டு?"

"வந்துக்கிட்டே இருக்கு மாப்பிள்ளை."

கால் மணி நேரம் கழித்து மறுபடி போய் நின்றார்.

"மாமா?"

மாமனார் ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக் காட்டினார். "சுத்துது. காத்திருக்கவும்."

"இது நல்லா இல்லை மாமா. சோத்துல போய்ப் பாரபட்சம் பார்க்கலாமா?"

"அடுப்புல ஒரு முட்டைதான் ஒரு நேரத்துல வேகும். முக்கியமானவங்களுக்கு முதல்ல. நீங்க போட்ட வரிசைதான்; நான் தலைகீழாப் படிச்சுட்டேன் போல."

நிபுணர் வெறும் வயிற்றோடு திரும்பினார். மேஜைக்கு முன்னால் மனைவியும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு வந்திருந்தாள் மனைவி.

"ஒரு சட்டம் போடணும்," என்றாள். "இந்தப் பெட்டியில யாரையும் யாருக்கும் முன்னால வைக்கக் கூடாது. எழுதி ஒட்டணும்."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது அவருடைய துறை. "வீட்டுக்குள்ள எதுக்கும்மா சட்டம்? சட்டம்னு வந்தா நெகிழ்வே இருக்காது. அவங்கவங்க தேவையைச் சொல்லி, பேசி, அனுசரிச்சுக்கணும். அதுதான் நாகரிகம். அறிக்கையில அறுபத்தேழாம் பக்கத்துல இதைத்தான்…"

"யார்கிட்ட பேசறது?"

"என்கிட்டதான்."

"பெட்டி உங்க கையில இருக்கு. வரிசை போடறது நீங்க. முதல்ல நிக்கறதும் நீங்க. அப்புறம் நான் உங்ககிட்ட என்னத்தைப் பேசி, எதை அனுசரிக்கறது?"

நிபுணர் வாயைத் திறந்தார். திரையில் நின்ற மாதிரியே நின்றது. எண்பத்து நாலு பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பக்கத்தில் என்று மனம் வேகமாகப் புரட்டிப் பார்த்தது. கிடைக்கவில்லை. இன்னொரு நாள் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்தைத் தாண்டிப் போனார்.

"மணி பத்தாகப் போகுது. விசாரணை முடியட்டும், அப்புறம் பேசலாம்," என்றார்.

மகள் மாடிக்குப் போனாள். இருபது நிமிடம் கழித்து நிபுணரின் திரையில் வட்டம்கூடச் சுற்றவில்லை. 'பாஸ்வேர்டு தவறு' என்று மட்டும் வந்தது. மறுபடி அடித்தார். தவறு. ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். தவறு.

மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிட்டார். "அம்மாடி, பாஸ்வேர்டை மாத்தினியா?"

"ஆமாப்பா."

"என்னம்மா இது, என் வீட்லயே என்னை வெளிய நிறுத்திட்டியே!"

"உங்க தேவையைச் சொல்லுங்கப்பா. பேசி அனுசரிச்சுக்கலாம்."

மணி பத்து நாற்பது. நிபுணர் படியேறினார், பாதியில் நின்றார், இறங்கினார், மறுபடி ஏறினார். கடைசியில் சாப்பாட்டு மேஜையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் தன் கையாலேயே எழுதினார்: 'இந்த வீட்டில் யாருடைய வேலையையும் யாரும் முன்னால் விடவோ பின்னால் தள்ளவோ கூடாது. அனைவருக்கும் சமம்.' கையெழுத்துப் போட்டார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்ட அதே நீளமான கையெழுத்து. மாமனார் அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். மகள் புது பாஸ்வேர்டைச் சொன்னாள்.

"இப்ப நாங்களா விட்டுக்கொடுக்கறோம்," என்றாள் மனைவி. "அரை மணி நேரம் எல்லாரும் அணைச்சு வெச்சுடறோம். நீங்க பேசுங்க."

நிபுணர் கைகூப்பினார். "ரொம்ப நன்றிம்மா," என்றார். மாமனார் ஒரு முட்டையையும் கொண்டுவந்து வைத்தார்.

பத்து ஐம்பத்தாறு. வீட்டில் ஒரே ஒரு கணினி மட்டும் இணைப்பில் இருந்தது. நிபுணர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வாரியத்தின் பக்கத்தைத் தட்டினார்.

வட்டம் சுற்றியது.

"எல்லாரும் அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு!" என்று இரண்டு குரல்கள் வந்தன.

மூன்றாவது குரல் வரவில்லை. அதற்குப் பதிலாகக் குதிரைகள் ஓடும் சத்தமும் வாள் சண்டைச் சத்தமும் வந்தன. நிபுணர் அடுக்களைக்கு ஓடினார். மாமனார் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

"செஸ்தான் அணைக்கச் சொன்னீங்கன்னு நினைச்சேன். ஆனா ஒண்ணு பாருங்க மாப்பிள்ளை, செஸ் ஓடலை, செய்தி ஓடலை. இது மட்டும் தண்ணி மாதிரி ஓடுது. ஒரு வாள் கூட நிக்கலை."

"எந்தத் தளத்துல ஓடுது இந்தப் படம்?"

"நமக்கு லைன் கொடுத்திருக்கற கம்பெனி இருக்கே, அவங்களே நடத்தற தளம்."

நிபுணர் அந்தத் திரையை இரண்டு விநாடி உற்றுப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று நெருடியது. முப்பத்தொரு வருட அனுபவம் அந்த நெருடலைத் திரும்பிப் பார்க்கச் சொன்னது. கடிகாரம் பத்து ஐம்பத்தொன்பது என்றது. "தற்செயலா இருக்கும். அணைங்க மாமா, தயவுசெஞ்சு!" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தார்.

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் போனை எடுத்து உதவியாளரைக் கூப்பிட்டார்.

"பரவாயில்லை சார். போனையே மைக்குக்குப் பக்கத்துல வெச்சுடறேன். குரல் போதும்."

ஆக, நிபுணர் முகமில்லாமல் வாரியத்தின் முன்னால் நின்றார். உண்மையிலேயே நின்றுகொண்டுதான் இருந்தார், உட்கார முடியவில்லை. கதவுக்கு வெளியே மூன்று பேர் காதை வைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

வாரியத் தலைவர் ஒரு பெண்மணி. சுற்றி வளைக்கவில்லை. "உங்க முடிவுக்கு என்ன ஆதாரம்னு உங்க வாயாலேயே சொல்லுங்க."

"என் சொந்த வீடுதான் மேடம். மூணு மாசம், தினம் நாலு வேளை, நானே அளந்தேன். பெரிய கம்பெனியோட தளம், சின்னக் கம்பெனியோட தளம், நாளைக்குப் பத்துப் பேர் பார்க்கற தளம், எல்லாம் ஒரே வேகத்துல வந்துச்சு. ஒரு நாள்கூட வித்தியாசம் இல்லை."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி கொஞ்சம் சுமார்தான், மறைக்கலை. ஆனா யாரும் சட்டம் போடலை, யாரும் மிரட்டலை. தானா மேம்பட்டிருக்கு. இதுதான் மேடம் போட்டியோட பலன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஒரு நிமிர்வு வந்தது. நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியது.

ஓர் உறுப்பினர் கேட்டார். "அப்ப ஏன் சார் இன்னிக்குப் போன்ல பேசறீங்க?"

"இன்னிக்கு லைன் பழுதுங்க."

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "ரொம்ப நன்றி. வீட்டுக்குள்ள இருந்து எடுத்த அளவு எங்ககிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. நாலு மணிக்கு ஓட்டெடுப்பு. உங்க வார்த்தையை வெச்சுத்தான் முடிவு பண்ணப் போறோம்."

நிபுணர் கதவைத் திறந்தார். மூன்று பேரும் சட்டென்று விலகி நின்றார்கள்.

"நல்லாப் போச்சு," என்றார்.

"கேட்டோம்," என்றாள் மனைவி. "இன்னிக்குக் காலையில இருந்து இந்த வீட்ல நடந்த எதையுமே நீங்க சொல்லலையே."

"அது பழுதும்மா. ஒரு நாள் பழுதை வெச்சு மூணு மாச உண்மையைப் பொய்னு சொல்ல முடியுமா?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். மகளின் வரைபடம் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேரவில்லை. அவள் மேனேஜரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்த குரல் மாடியிலிருந்து கேட்டது. நிபுணர் சாப்பிட்டுப் படுத்தார். தூக்கம் வரவில்லை. எழுந்து கூடத்தில் நடந்தார். 'யார்கிட்ட பேசறது?' என்று மனைவி கேட்டது காதுக்குள்ளேயே நின்றது. பழுதைச் சரிசெய்துவிட்டால் அதுவும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டார்.

சரியாக இரண்டரைக்குக் கம்பெனியின் ஆள் வந்தார். தலைக்கவசம் போட்ட நடுத்தர வயதுப் பெண், தோளில் ஏணி. விறுவிறுவென்று கம்பத்தில் ஏறினார், இறங்கினார், கம்பியைப் பார்த்தார், பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். நான்கு பேரும் அவர் பின்னாலேயே வரிசையாக நடந்தார்கள்.

"கம்பி நல்லா இருக்கு. பெட்டியும் நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா ஏம்மா இப்படி?" நிபுணரின் குரல் உயர்ந்தது. "மூணு மாசம் மின்னல் மாதிரி ஓடின லைன் இது. எழுதி வெச்சிருக்கேன், தினம் நாலு வேளை! இன்னிக்குக் காலையில இருந்து என் மானமே போச்சு. எங்கயோ பழுது இருக்கு, நல்லாப் பாருங்க."

"இருங்க சார், ஆபீஸ் கணக்குல ஏதாவது குறிப்பு இருக்கான்னு பார்க்கறேன்."

அந்தப் பெண் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். மெதுவாக உதடு அசையப் படித்தார். பிறகு முகம் தெளிந்து, நல்ல செய்தி சொல்பவரைப் போலச் சிரித்தார்.

"பழுதே இல்ல சார், அறிக்கை எழுதறவர் வீடுன்னு மூணு மாசமா உங்க லைனைத் தனியா முன்னால விட்டிருக்காங்க, நேத்து சாயங்காலம் 'வேலை முடிந்தது'ன்னு போட்டு எடுத்துட்டாங்க, இப்ப எல்லாருக்கும் எப்படி வருதோ அப்படித்தான் உங்களுக்கும் வருது."